இடப்பக்கம் ஓடுபவள்

எங்கள் அணியில் ஏழு பேர் ஆடினோம். எங்களில் ஜெனிட்டா இறந்துபோயிருந்தாள். எனக்கு இடப்பக்கம், இரண்டடி பின்னால் ஓடிவருவது அவள் வேலை.

ரக்பியில் பந்தைக் கையால் முன்னால் வீசக் கூடாது. பின்னால் வருபவருக்குத்தான் கொடுக்க வேண்டும். திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. குரலை நம்பி வீசுவோம். ஜெனிட்டா காசிமேட்டுக்காரி. "இருக்கேன்டி" என்பாள். இறந்த பிறகும் அப்படியேதான் சொன்னாள். குரல் மட்டும் கொஞ்சம் கம்மியிருந்தது.

கொழும்பு ஆட்டத்தில் நான் அவளுக்குப் பந்தைத் தாமதமாகக் கொடுத்தேன். ஒரு நொடிதான். நானே எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன். பந்தும் எதிரணிப் பெண்ணின் தோளும் ஒரே சமயத்தில் அவளிடம் போய்ச் சேர்ந்தன. பந்து விரலில் பட்டுக் கீழே விழுந்தது. ஜெனிட்டா தலை தரையில் மோத விழுந்தாள். பதினோராம் நாள் இறந்தாள்.

அடுத்த மாத அணிப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது.

ரக்பி சங்க அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். செயலாளர் லோகநாயகி மேடத்தின் அறை நடைபாதையின் கடைசியில் இருந்தது. நடக்க நடக்க நடைபாதை நீண்டது. காலையில் நுழைந்தவள் மதியச் சாப்பாட்டு வேளையில் போய்ச் சேர்ந்தேன். மேடம் இறப்புச் சான்றிதழைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். அது குடும்ப விஷயம் என்றார். அணியிலிருந்து விலகுவதற்கு வேறு விதி இருக்கிறதாம்.

"கடைசியா வீசின பந்து அவங்க கைக்குப் போய்ச் சேரல. வாங்கினாத்தான்மா ரிலீவ் பண்ண முடியும்."

"யாரு வீசணும் மேடம்?"

"யாரு வீசினாங்களோ அவங்கதான்."

நான் வீசவில்லை. வீசினால் போய்விடுவாள்.

தாஷ்கண்ட், தோஹா, பூசான் என்று சேர்ந்தே போனோம். விமானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை அவளுக்கு. பெல்ட் போட்டிருக்கும். சாப்பாடு ஆறிப்போகும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அவள் அம்மா என்னிடம் ஒரு தைலக் குப்பி கொடுத்துவிடுவார். அவள் தூங்குகிறாளா என்று மட்டும் கேட்பார். தூங்குகிறாள் என்று பொய் சொல்வேன்.

நான் கேப்டன் ஆனேன். முப்பத்தொன்பது சர்வதேச ஆட்டங்கள் ஆடினேன். ஒன்றில்கூட இடப்பக்கம் பந்து கொடுக்கவில்லை. எதிரணிகள் இதைக் கண்டுபிடித்தன. வலப்பக்கம் காத்திருந்து என்னை மடக்கின. அரையிறுதிகளில் தோற்றோம். என் முட்டி இரண்டு முறை கிழிந்தது. ஒவ்வொரு முறை விழும்போதும் பின்னாலிருந்து "இருக்கேன்டி" என்று கேட்டது. அதற்காகவே எழுந்தேன்.

நான்காம் வருடம், கோலாலம்பூரில், முதன்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். இடைவேளை இரண்டு நிமிடம். எங்கள் பயிற்சியாளர் வேதமுத்து சார் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார். என் இடப்பக்கத்திலும் ஒரு பாட்டிலை வைத்தார். பிறகு என் அருகில் குனிந்தார்.

"அவளுக்கு மூச்சு வாங்குது குமுதா. கேக்கலையா உனக்கு?"

"கேக்குது சார்."

"நாலு வருசமா ஓடுறா."

அந்த மூச்சை நான் தாஷ்கண்டிலேயே கேட்டிருந்தேன்.

இரண்டாம் பாதியின் மூன்றாவது நிமிடத்தில் பந்து என்னிடம் வந்தது. ஓடினேன். மைதானம் நீண்டது. கோடு தள்ளித் தள்ளிப் போனது. பார்வையாளர்கள் சின்னதாகி, பிறகு இல்லாமல் போனார்கள். எதிரே ஒருத்தி மட்டும் வந்தாள். வலப்பக்கம் எங்கள் பெண் கத்தினாள். இடப்பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பேசக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"இந்தாடி" என்று இடப்பக்கம் வீசினேன்.

உள்ளங்கைகளில் பந்து விழும் சத்தம் கேட்டது.

அவள் என்னைத் தாண்டிப் போனாள். முதல்முறையாக அவள் முதுகைப் பார்த்தேன். நான்காம் எண். அதன் மேல் கொழும்பு மண் ஈரமாக ஒட்டியிருந்தது. திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பந்து வைத்திருப்பவள் திரும்ப மாட்டாள்.

கோட்டுக்கு அப்பால் பந்து புல்லில் உட்கார்ந்திருந்தது. நடுவர் கையை உயர்த்தி ஐந்து புள்ளி கொடுத்தார். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தது யார் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். எழுத்துக்கூட்டச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். குறித்துக்கொண்டு, காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

இடப்பக்கம் காற்று வந்து என் மேல் பட்டது. அங்கே அதுவரை காற்று பட்டதில்லை.

இன்னும் நான்கு நிமிடம் பாக்கி இருந்தது. ஆடினேன்.