“உள்ளே ஏதும் இருக்கா?”

“உடம்புக்குள்ள கருவி, கம்பி, தகடு ஏதாவது வெச்சிருக்கா?” என்று வார்டு நர்ஸ் கேட்டது மகளுக்குக் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? காதுக்குப் பின்னால் மாட்டும் வெளிக்கருவியை அம்மாவே அரை மணி முன்னால் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டாள். வருங்காலச் சம்பந்தியம்மாள் பார்க்க வருகிறாள் அல்லவா!

வந்தவள் கட்டிலருகிலேயே நின்றிருந்தாள். அம்மா கண்ணைக்கூடச் சிமிட்டாமல், “ஒண்ணும் இல்லை” என்றாள். நர்ஸ் சீட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள். கழுத்துக் கட்டியை எடுப்பதற்காக மகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மகராசி, என்ன துணிச்சல்! மூன்று வயதில் ஆப்பரேஷன் செய்து காதுக்குள் கருவி வைத்து, பெண் முதன்முதலாகச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தபோது தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள்தான் இவள். பெண் பார்க்க வந்தவர்களிடம் மட்டும் வாயைத் தைத்துக்கொண்டாள். கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால் நடக்கிற காரியமா?

வெளியே பெஞ்சில் சம்பந்தியம்மாள் கல்யாண மண்டபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா தியேட்டர் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கருவி வைத்த டாக்டர் அன்றைக்கே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆப்பரேஷனில் ரத்தக் கசிவை மின்சாரத்தால் சுட்டு நிறுத்துவார்கள். வழக்கமான சூட்டுக்கோலின் மின்சாரம் உடம்பு வழியாக ஓடும். கழுத்திலோ தலையிலோ அதை வைத்தால் உள்ளே இருக்கும் கருவி கெட்டுப்போகலாம், காது நரம்பும் போகலாம். இரண்டு முனைக்குள்ளேயே மின்சாரம் நிற்கிற இடுக்கியைத்தான் எடுக்க வேண்டும்.

தெரிந்தும் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். பெற்ற பெண்ணின் காதா, சம்பந்தியின் முகமா என்று தராசு பிடித்த அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் பிறகு எந்நாளும் அவளுக்கு உடம்பு கூசும். கடைசியில் விழுந்தடித்துக்கொண்டு ஓடித் தியேட்டர் கதவைத் தட்டினாள். என்னமோ ஏதோ என்று சம்பந்தியம்மாளும் பின்னாலேயே வந்தாள்.

தியேட்டர் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “அவ காதுக்குள்ள கருவி இருக்கும்மா” என்று அம்மா மூச்சு வாங்கச் சொன்னாள்.

“தெரியும்மா, பயப்படாதீங்க. மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி உங்க பொண்ணே சீட்டை வாங்கிப் படிச்சா. ‘இல்லை’ங்கறதை அடிச்சுட்டு, இருக்குன்னு எழுதிக் குடுத்தா. இடுக்கிதான் எடுத்து வெச்சிருக்கோம்.”

போன உயிர் திரும்பி வந்தது. நர்ஸ் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“கீழே இன்னொண்ணும் எழுதியிருக்கா. ‘அம்மா பதட்டத்துல மறந்திருப்பாங்க, அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க’ன்னு.”

சம்பந்தியம்மாளுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் பெரிய மனுஷி. பிறத்தியார் முன்னால் விட்டுக்கொடுக்காமல், யாருக்குத்தான் மறதி வராது என்று மெல்லச் சொன்னாள். ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும், மானம் தப்பியிருக்கும். வழியை மகளே போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறாள்.

அம்மாவால் தலையை ஆட்ட முடியவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை.

“மறக்கல. நீங்க பக்கத்துல இருந்தீங்க, அதான் வேணும்னே இல்லேன்னேன்” என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.