பாதிரியார் செத்த மறுநாள்

ஸ்கார்பரோ பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த கிழவர் லெனார்டை ஓர் அம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, நேத்து மத்தியானம்தானே செத்துப் போனீங்க? டீ குடிச்சதும் அப்படியே சாஞ்சீங்களே, பாதிரியார்!"

பழைய நாடகங்களையே மறுபடி காட்டும் சேனலில், நாற்பத்தாறு வருடத்துக்கு முன் அவர் பாதிரியாராக நடித்த துப்பறியும் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. தனியாக இருக்கும் அவரிடம் ஒரு வாரமாக யாரும் பேசியிருக்கவில்லை.

"செத்தது நிஜம்தாம்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எழுந்து வந்துட்டேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "விஷம் வச்சது அந்த டாக்டர்தானே? சொல்லுங்களேன்."

"மாட்டேன். நாளைக்குக் கடைசிப் பகுதி. எங்க வீட்டுக்கு வந்து பாருங்களேன், கேக் வாங்கி வைக்கிறேன்."

"ஐயோ, நாளைக்கு என் மக வர்றா. ஆமா, கூட நடிச்சவங்கல்லாம் எப்படி இருக்காங்க?"

"நான் ஒருத்தன்தான் பாக்கி."

அவளுடைய பேருந்து வந்தது, அவள் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் லெனார்ட் தனியாகவே பார்த்தார். டாக்டர் பிடிபட்டார். டாக்டராக நடித்த கிளைவ், படப்பிடிப்பன்று அந்த டீயில் நிஜமாகவே உப்பை அள்ளிப் போட்டிருந்தான். லெனார்டின் முகம் கோணியது நடிப்பே அல்ல. அது தெரிந்தவர்கள் இப்போது யாருமில்லை.

நடிகர்களின் பெயர்கள் ஓடத் தொடங்கியதும், சேனல் அவற்றை ஒரு மூலையில் சுருக்கிவிட்டு அடுத்த தொடரின் விளம்பரத்தைப் போட்டது. லெனார்ட் எழுந்து திரைக்கு அருகே போனார். பாதிரியார் முந்தைய பகுதியிலேயே செத்துவிட்டதால் அவர் பெயர் அதில் இல்லை. மற்றவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்.