டிசம்பரில் கட்டிய வாசல்

கறுப்புத் தொப்பி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று வாளித் தண்ணீரில் பார்க்கப் போனாள் பசிலியா. தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது. போகட்டும் என்று கையாலேயே தடவிப் பார்த்துக்கொண்டாள். வெளியே மங்கலாக விடிந்துகொண்டிருந்தது. ஜூன் இருபத்தொன்று, பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிற இந்த மலைநாட்டில் வருஷத்தின் மிக நீண்ட இரவு ஒருவழியாகக் கழிந்து, புது வருஷத்துச் சூரியன் வரப்போகிற காலை. மூன்று ஊர்ச் சனம் போர்வையும் கம்பளியுமாக மைதானத்தில் கூடியிருந்தது. குளிருக்கு மெல்லுகிற கோக்கா இலை ஆளுக்கொன்று வாயில், ஆளுக்கொரு மூச்சுப் புகை மூக்கில்.

விலாகொல்லோ ஊருக்கு இந்த வருஷத் தலைமை அவளும் அவள் புருஷன் பொலிகார்ப்போவும். நிலம் வைத்திருக்கிற குடும்பங்களுக்குள் முறை வைத்துச் சுற்றி வருகிற பதவி அது. இவர்கள் வீட்டுக்கு வந்து சேர இருபத்திரண்டு வருஷமாயிற்று. அதைத் தம்பதியாகத்தான் ஏற்க முடியும். சூரியனின் முதல் கதிர் இருவர் உள்ளங்கையிலும் ஒன்றாக விழ வேண்டும். ஒருத்தர் மட்டும் வாங்கினால் அது வாங்கியதாகவே ஆகாது. ஊருக்கு அந்த வருஷம் வராத மாதிரிதான்.

இத்தனை காலம் பக்கத்து ஊர்க் குன்றுக்குப் போய், விருந்தாளியாகப் பின்வரிசையில் நின்றுதான் சூரியனை வரவேற்றார்கள். பசிலியா அங்கே பார்த்ததெல்லாம் மற்றவர்களின் முதுகு. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் போன டிசம்பரில் பொலிகார்ப்போ நகராட்சியில் நடையாய் நடந்து சொந்த ஊர் மைதானத்திலேயே சிமெண்ட் மேடை கட்ட வைத்தான். இரண்டு கல்தூண்களைத் தூக்கி நிறுத்தியதும் அவன்தான், இருபது வருஷக் கொத்தனார். முதல் கதிர் அந்தத் தூண்களுக்கு நடுவே வாசல் நுழைகிற மாதிரி வரும் என்று நகராட்சி எஞ்சினியர் சுண்ணாம்பால் கோடு போட்டுக் கொடுத்தார். ஒரு விடியலில் அது அப்படியே வந்தும் நின்றது. பொலிகார்ப்போவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கம்பளிக்கு வளர்க்கிற லாமா மந்தையை ஓட்டிக்கொண்டு போன பசிலியாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"இது டிசம்பர் வெயில்யா," என்றாள் பசிலியா. "ஜூன்ல இது தொழுவத்து மேட்டுப் பக்கம் போயிருமே."

"சூரியன் கிழக்குலதாம்மா உதிக்கும்," என்று எஞ்சினியர் சிரித்தார். பொலிகார்ப்போவும் கூடச் சேர்ந்து சிரித்தான். எஞ்சினியர் சிரித்ததை அவள் அன்றே மறந்துவிட்டாள். மற்றது மறக்கவில்லை.

சூரியன் யார் சிரிப்புக்காகவும் நிற்கவில்லை. தினமும் கொஞ்சம் இடது பக்கமாக நகர்ந்தது. திருவிழாக் கூத்தெல்லாம் நடக்கிற பிப்ரவரியிலேயே இடது தூணைத் தாண்டியாயிற்று. ஈஸ்டருக்குள், மேடைக்குக் கிழக்கே நிற்கிற குன்றின் தோளுக்குப் பின்னால் போய்விட்டது. விடிகாலையில் கிழக்கே பார்த்து முக்காலி போட்டு உட்கார்ந்து காப்பி குடிக்கிற பொலிகார்ப்போ, ஈஸ்டருக்குப் பிறகு முக்காலியை மேற்கே திருப்பிப் போட்டுக்கொண்டான். பசிலியா அதைப் பார்த்தாள். குத்திக்காட்ட ஆயிரம் சமயம் கிடைத்தது. முத்திரை குத்திய அழைப்பு மூன்று ஊருக்கும் போயாகிவிட்டது என்று ஒவ்வொரு தடவையும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஊருக்கும் தெரியும். ஆனால் தலைவர் வாயைத் திறக்காமல் இந்த ஊரில் யாரும் ஓரடி நகர்ந்ததில்லை.

இப்போது சிவப்புப் போன்ச்சோப் போர்வையும் தோளில் தலைமைச் சாட்டையுமாக அவன் மேடைக்குக் கிளம்பினான். அவள் குறுக்கே நின்றாள்.

"வெயில் எங்க வரும்னு உனக்குத் தெரியும்தானே."

அவன் சாட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டான். "மூணு ஊரு வந்திருக்கு, பசிலியா."

"அதனாலதான் கேக்குறேன். மேடையில குன்று நிழல் விழும். அங்க வெயில் வர, மேட்டை விடக் கால் மணி நேரம் பிந்தும். நான் தொழுவத்து மேட்டுல நிக்கிறேன். நீ வர்ற வரைக்கும் கையைத் தூக்க மாட்டேன்."

"வரலேன்னா?"

"வரலேன்னா ரெண்டு பேருக்கும் இல்ல."

லாமாப் புழுக்கைக் கங்குகளைச் சட்டியில் அள்ளிக்கொண்டு நடந்தாள். இருநூறு அடி தூரம்தான். நாத்தனார் தியோதோரா பின்னாலேயே ஓடி வந்தாள். "ஏன் அண்ணி, புது வருஷமும் அதுவுமா புருஷனோட சண்டையா?"

"சண்டை போடுறதா இருந்தா ஈஸ்டருக்கே போட்டிருப்பேன்டி. போய் உங்க அண்ணன் பக்கத்துல நில்லு."

மேட்டின் மேல் தீயை மூட்டி, சூரியனுக்குப் படையலாகக் கொழுப்பும் கோக்கா இலையும் இட்டாள். வானம் வெளுத்துக்கொண்டே வந்தது. கீழே மேடையில் கொம்பு ஊதினார்கள். விருந்தாளித் தலைவர்கள் தூண்களைப் பார்த்துக் கைகளை ஏந்தினார்கள். தூண்களுக்கு நடுவில் வெறும் சாம்பல் நிற வானம். குன்றின் விளிம்பு இவள் பக்கமாகச் சிவந்தது. கையைப் போர்வைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டாள். தப்புப் பண்ணிவிட்டோமோ, இத்தனை பேர் முன்னால் அவனைத் தனியாக விட்டுவிட்டோமோ என்று மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பொலிகார்ப்போ தொப்பியைக் கழற்றினான். அவன் குரல் மேடு வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"நான் தப்பாக் கட்டிட்டேன். டிசம்பர்லயே என் வீட்டுக்காரி சொன்னா, நான் சிரிச்சேன். வெயில் அவ நிக்கிற இடத்துலதான். எல்லாரும் வாங்க."

யாரும் சிரிக்கவில்லை. மேடையிலிருந்து குதித்து, போன்ச்சோ காலைத் தட்ட, ஐம்பது வயசு ஆள் ஓடி வந்தான். பின்னால் கொடிகள், கொம்புக்காரர்கள், பிள்ளைகளை முதுகில் கட்டிய பெண்கள் என்று மூன்று ஊரும் திரண்டு மேடேறியது. பக்கத்து ஊர்த் தலைவர் மூச்சு வாங்கிக்கொண்டே பின்வரிசையில் இடம் பிடித்தார். பசிலியாவுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. வெயில் தன்னிடம் வந்ததற்காக அல்ல. இப்படி ஒரு சொல்லை ஊர் நடுவில் சொல்லத் தெரிந்தவன் தன் பக்கத்தில் வந்து நிற்கிறான் என்பதற்காக.

"நல்லா வசமா மாட்டிவிட்ட," என்றான் அவன் இரைத்துக்கொண்டே.

"கையை நீட்டு," என்றாள்.

போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். நாலு உள்ளங்கையும் ஒரே வரிசையில் நின்றன. குன்றுக்கு மேலே முதல் கதிர் உடைந்து வந்து, சிமெண்ட் தின்ற அவன் ரேகைகளிலும் கயிறு அறுத்த அவள் ரேகைகளிலும் ஒரே சமயத்தில் ஏறியது. கீழே நிழலில் கிடந்த மேடையில், யாரோ விட்டுவிட்டு வந்த பெரிய மேளத்தை ஒரு லாமாக் குட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, இரண்டு தூண்களுக்கும் நடுவில் நிதானமாக நுழைந்து போனது.