கடை மூடும் மெட்டு

ஜப்பானின் யோனகோ நகர அரங்கில் மதியக் கச்சேரி. பல வருடம் இழைத்த புதிய பியானோ இசையை இன்று நாலு பேராவது கேட்க வேண்டும் என்பதுதான் சிதோசேயின் ஒரே ஆசை. அதற்கு முன், கூட்டத்தின் மனம் இளக, ஊருக்கே பழகிய தன் பழைய மெட்டை மெல்ல வாசித்தாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. ஊர்ப் பேரங்காடியில் தினமும் கடை மூடும்போது ஒலிப்பது அந்த மெட்டுதான்.

"எழுந்திருங்க, மூடப் போறாங்க," என்று ஒருத்தி தூங்கிய கணவனை உலுக்கினாள். பைகள் தோளில் ஏறின. வாசலில் நின்ற ஊழியர் கதவைத் திறந்துவிட்டுக் குனிந்து வணங்கினார். அவர்களைத் தடுத்து விளக்கம் சொல்ல சிதோசேக்குத் தெம்பில்லை. வாசித்து முடித்தபோது முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் இருந்தாள்.

"நீங்க கிளம்பலையா?"

"நான் அந்தக் கடையில கல்லாவுல நிக்கிறவ, அம்மா. இதைக் கேட்டா மத்தவங்க கிளம்புவாங்க. என்னால அப்பதான் உக்கார முடியும்."

"இன்னும் ஒண்ணு இருக்கு. கொஞ்சம் நீளம்."

"நீளமாவே இருக்கட்டுங்க," என்று அவள் காலணிகளைக் கழற்றினாள்.

சிதோசே புதியதை வாசித்தாள். பாதியிலேயே அந்தப் பெண்ணின் தலை சாய்ந்துவிட்டது. சிதோசே நிறுத்தவில்லை, விரல்களை இன்னும் இலேசாக்கிக்கொண்டாள். முடிந்ததும், பியானோவின் மூடியை இறக்கினால் சத்தம் கேட்கும் என்று, கைகளை மடியில் போட்டபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.