தலைவர் இருக்கையும் தாங்குசுவரும்

தெரு நலச் சங்கத் தலைவருக்கு வீட்டில் ஒரு அதிகாரமும் கிடையாது என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். கொல்லைப்புறம் முழுக்க அவர் ஆட்சிதான். அதனால்தான் கொல்லைப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

போன மழையில் பின்பக்கத் தையல் அறைக்குள் சேறு புகுந்தது. தலைவரின் மனைவி வெட்டி வைத்திருந்த பள்ளிச் சீருடைத் துணியில் ஒரு கட்டு வீணாய்ப் போனது. அத்தனையும் வெள்ளை. அலசி அலசிப் பார்த்தாள், தேநீர் நிறத்துக்கு மேல் வெளுக்கவில்லை. பள்ளிக்கூடத்தார் வேறு துணி கொடுத்தார்கள், கூடவே ஒரு வார்த்தையும் கொடுத்தார்கள்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்மா."

அந்தப் புதுத் துணி இப்போது வெட்டி, கட்டுக்கட்டாக அறையில் கிடந்தது. வானமோ கறுத்துக்கொண்டு வந்தது.

"மண்ணு உள்ள வராம ஒரு சுவர் வேணுமா வேணாமான்னு இன்னைக்கே சொல்லிடுங்க." என்றாள் மனைவி. " உங்க தீர்மானம் நிறைவேறட்டும்னு மழை காத்துக்கிட்டு நிக்காது."

"எடுத்தேன் கவிழ்த்தேன்னு செய்யற காரியமா இது? நிபுணர் கருத்து வேணும்" என்றார் தலைவர்.

நிபுணர் என்றால் அவள் தம்பிதான். கட்டுமானச் சாமான் கடை வைத்திருப்பவன். செருப்பைக் கழற்றும்போதே "சுவர் கட்டிடலாம் அத்தான்" என்றான். அதற்குப் பிறகுதான் கொல்லைக்குப் போய் இடத்தைப் பார்த்தான். மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து அங்கிருந்த மண்மேட்டின் மேல் வைத்தான். குமிழி ஒரு மூலைக்கு ஓடி ஒளிந்தது. "பாருங்க, சரிவா இருக்கு" என்றான். சரிவு சரிவாக இருப்பது அன்றைக்கு அதிகாரபூர்வமாக உறுதியானது.

வீட்டுக்குப் பின்னால் நிலம் இடுப்பளவு உயர்ந்து மேடாக ஏறும். போன கோடையில் தலைவர் அந்த மேட்டின் அடியை அரைவட்டமாக வெட்டி எடுத்து, சிமெண்டு இருக்கை ஒன்று போட்டார். மனுக்கொடுக்க வருகிறவர்களை அங்கே வைத்துச் சந்திப்பதாக ஏற்பாடு. ரிப்பன் வெட்டித் திறப்புவிழா கூட நடந்தது. ரிப்பனும் கத்திரியும் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து போனவை. இதுவரை மனுவோடு வந்தது பக்கத்து வீட்டுப் பூனை மட்டும்தான். இருக்கைக்கு மேலே அழகுக்கு ரோஜாப் பாத்தி வேண்டாமா? வைத்தார். ரோஜாவுக்குத் தண்ணீர் வேண்டாமா? மொட்டைமாடி மழைத்தண்ணீர் இறங்கும் குழாயை மேட்டின் தலைக்கே திருப்பிவிட்டார்.

"தடுப்புச்சுவரை நெஞ்சளவுக்கு எடுத்துடலாம் அத்தான்."

"மாப்ளே, தடுப்புச்சுவர் இல்ல. தாங்குசுவர். தடுக்கறது எவனும் செய்வான். தாங்கறதுதான் தலைவன் வேலை."

"கடையில தடுப்புச்சுவர்னாத்தான் புரியும்."

"கடைக்குப் புரிஞ்சா போதுமா? கல்வெட்டுல எப்படிப் பொறிக்கறது?"

கல்வெட்டு ஏற்கெனவே பொறித்து வந்துவிட்டது. 'தாங்குசுவர். தலைவர் அவர்களால் திறந்து வைக்கப்பட்டது.' சுவர் தேவையா என்று முடிவெடுப்பது ஒன்றுதான் பாக்கி.

"இந்த வீட்டுல யார் யாரைத் தாங்கறாங்கன்னு பொறிக்க ஆரம்பிச்சா கல்லு பத்தாது" என்றபடி, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு அவள் வந்து நின்றாள். "நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க அடியை வெட்டறதுக்கு முன்னாடி இந்த மேட்டுலேர்ந்து ஒரு பிடி மண்ணாவது உள்ள வந்திருக்கா?"

தம்பி ரசமட்டத்தைத் துடைக்க ஆரம்பித்தான். அதில் தூசி ஒன்றும் இல்லை.

"அது தற்செயல்" என்றார் தலைவர்.

"மடிச்சுத் தைச்ச கரையை வெட்டி எடுத்துட்டு, நூல் பிரியறது தற்செயலா? போதாக்குறைக்கு மேலேர்ந்து தண்ணியையும் ஊத்தறீங்க. பிரிஞ்ச பாவாடைக்கு மறுபடி கரை மடிச்சுத் தைப்பாங்களா, சுத்தி இரும்புச் சட்டம் அடிப்பாங்களா?"

"அக்கா சொல்றதுலயும் ஒரு இது இருக்கு" என்றான் தம்பி. உடனே அவனுக்குள் இருந்த கடைக்காரன் விழித்துக்கொண்டான். "ஆனா சட்டம் அடிச்சா உறுதி."

தலைவர் போய் இருக்கையில் உட்கார்ந்தார். தீர்ப்பை நின்றுகொண்டு சொல்வது மரபல்ல. "இருக்கையைத் தொடற பேச்சுக்கே இடமில்ல" என்று அவர் வாய் மூடவில்லை, மழை கொட்டத் தொடங்கியது.

மேட்டிலிருந்து பழுப்பு நீர் கோடாக இறங்கி, தையல் அறை வாசலைப் பார்த்து நடந்தது. "டேய், துணியைத் தூக்கி மெஷின் மேல வைடா!" என்று தம்பியை உள்ளே விரட்டிவிட்டு, அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டில் ஏறினாள். குழாயின் வாயை ரோஜாப் பாத்தியிலிருந்து பிடுங்கிப் பக்கவாட்டு வடிகாலில் விட்டாள்.

தலைவர் மட்டும் குடையை விரித்து அப்படியே உட்கார்ந்திருந்தார். எழுந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். மேடு அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. ரோஜாச் செடிகளோடு பொதபொதவென்று சரிந்து வந்து அவர் மடியில் உட்கார்ந்தது. இருக்கை ஒருபுறம் சாய்ந்தது. இத்தனை வருடமாகப் போட்டியின்றித் தேர்வானதால் மண்ணைக் கவ்வும் வாய்ப்பே கிடைக்காத மனிதர், அன்றைக்குக் கவ்வினார்.

குழாய் திரும்பியதும் வாசலை நோக்கி வந்த நீர் நூலாக மெலிந்து, நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. துணியில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

மழை வெறித்ததும் இருக்கையைப் பெயர்த்து எடுத்தார்கள். வெட்டின பள்ளத்தில் உடைகல்லும் மண்ணுமாகப் போட்டு இடித்து, மேலே புல் வைத்தார்கள். உடைகல் தம்பி கடையிலிருந்துதான் வந்தது. அவனும் வெறுங்கையோடு போகவில்லை. அடுத்த மழை நாள் முழுக்கப் பெய்தபோது, அவள் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே வெள்ளைச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தாள்.

சங்கக் கூட்டத்தில் தலைவர் முழங்கினார்: "களத்தில் இறங்கி நேரடியாக ஆய்வு செய்து, தாங்குசுவர் தேவையில்லை என்று முடிவெடுத்தேன்!" கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். களத்தில் இறங்கியது என்னவோ உண்மைதானே.

கல்வெட்டு மட்டும் மிஞ்சியது. தையல் அறைக்குப் படிக்கல்லாகப் போட அளவெடுத்தாள். சரியாக இருந்தது.

"எழுத்து மேல இருந்தா வர்றவங்க எல்லாம் உங்களை மிதிப்பாங்க. கீழ இருந்தா ஒருத்தர் கண்ணுலயும் படமாட்டீங்க. எதுன்னு சொல்லுங்க, போட்டுடலாம்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எடுத்தேன் கவிழ்த்தேன்னு சொல்ல முடியாது. யோசிக்கணும்."

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். கல் அதுவரை மேட்டின் அடியில் சாய்ந்து நின்று, ஒரு கைப்பிடி மண்ணைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.