நான்காவது ஈத்து

என் கண்ணில் மண்ணைத் தூவியது யாரோ எவரோ இல்லை, கூடப் பிறந்த தங்கச்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "தங்கச்சி எப்படி இருக்காங்க?" என்று யாராவது கேட்டால், "அவளுக்கென்ன, நல்லா இருக்கா" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு வயிறு எரிய வீட்டுக்கு வருகிறவள் நான்.

நான் நாய் வளர்ப்பவள். பொழுதுபோக்கு இல்லை, தொழில். பதினெட்டு வருஷமாக ஒரே வம்சம். வருகிறவர்கள் எல்லாம் "இத்தனை நாயையும் எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். நான் எங்கே வைக்கிறேன்? பதினைந்து நாயைக் கூண்டில் அடைத்தால் அதுகளுக்கும் பைத்தியம் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். அதனால் நல்ல பெட்டைக் குட்டியாகப் பார்த்து ஒரு குடும்பத்திடம் கொடுத்துவிடுவேன். வளர்ப்பு வீடு என்று அதற்குப் பெயர். சோறு, நடை, குளியல், கொஞ்சல் எல்லாம் அவர்கள் பாடு. யாருடைய நாய் என்று காட்ட அதன் பிடரித் தோலுக்கடியில் வைத்திருக்கிற சிப் மட்டும் என் பெயரிலும் என் வீட்டுக்காரர் பெயரிலும் இருக்கும்.

பெட்டைக்கு ஹீட், அதாவது இணை சேரும் பருவம், வந்தால் எனக்குச் சொல்லியாக வேண்டும். நான் அழைத்துப்போய் இணை சேர்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவேன். குட்டி போட ஒரு வாரம் இருக்கும்போது என் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். குட்டிகள் பால் மறந்ததும் தாய் மறுபடி அவர்கள் வீட்டு சோபாவுக்குப் போய்விடும். இப்படி மூன்று ஈத்து. அப்புறம் என் செலவில் கருத்தடை ஆபரேஷன், சிப்பும் அவர்கள் பெயருக்கு மாறிவிடும். நடுவில் ஒப்பந்தத்தை மீறினால் நாய் என்னிடம் திரும்பி வந்துவிடும். நான்கு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். தங்கச்சியும் அதில் கையெழுத்துப் போட்டுத்தான் சீமாட்டியை வாங்கிக்கொண்டு போனாள்.

சீமாட்டி என்று பெயர் வைத்தது அவள்தான். நடக்கிற நடைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. தங்கச்சி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், தனி ஆள். சாயங்காலம் கடை விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் மடியில் அது தலையை வைத்துவிடும். "அக்கா, எனக்குன்னு வீட்ல காத்திருக்க ஒரு ஜீவன் இருக்கு" என்பாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

மூன்று ஈத்து முடிந்தது. மூன்றாவது, ஆபரேஷன் செய்து எடுத்த ஈத்து. முதல் இரண்டிலும் பிறந்த பெட்டைகளுக்கு இடுப்பெலும்பு சரியில்லை. மூன்றாவதில் பிறந்ததெல்லாம் ஆண். வம்சத்தைத் தொடர எனக்கு ஒரே ஒரு பெட்டைக் குட்டி வேண்டும், சீமாட்டியை விட்டால் அதைப் பெற்றுத் தர, குட்டி போடுகிற வயசில் வேறு பெட்டை கிடையாது. பதினெட்டு வருஷமும் அந்த ஒரு குட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் கேட்டேன். "இன்னும் ஒண்ணே ஒண்ணு. சத்தியமா இதுதான் கடைசி."

தங்கச்சி மாட்டேன் என்று ஒன்றும் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லவில்லை. "மூணுன்னு தானே அக்கா பேசினோம்" என்றாள். "பேசினோம், இப்ப நிலைமை அப்படி" என்றேன். "மறுபடி குட்டி போட்டா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் பயமுறுத்தினாங்களே" என்றாள். "டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க" என்றேன். பேசாமல் இருந்தாள். சம்மதம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

அதற்கப்புறம் பதினான்கு மாதம். மாதம் தவறாமல் கேட்டேன். "இன்னும் வரலை அக்கா." "இல்லக்கா, ஒண்ணும் தெரியலை." என் வீட்டுக்காரர் சமையலறை காலண்டரில் ஒவ்வொரு மாதமும் பென்சிலால் 'சீமாட்டி?' என்று கேள்விக்குறி போட்டு வைப்பார். ரிட்டையர்டு பஸ் டிரைவர், எதையும் எழுதி வைத்தால்தான் அவருக்குத் திருப்தி. "சில நாய்க்கு ஆபரேஷனுக்கு அப்புறம் லேட்டாகும்" என்று எனக்கே பாடம் சொன்னார். நானும் தலையாட்டினேன். என் தலையில் இரண்டு பேரும் வசமாக மிளகாய் அரைத்தார்கள் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

போன செவ்வாய்க்கிழமை பொறுமை போய்விட்டது. தங்கச்சி வேலைக்குப் போயிருந்த நேரத்தில், என்னிடம் இருந்த சாவியால் அவள் வீட்டைத் திறந்து, சீமாட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனேன். டாக்டரம்மா வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்து இப்படித் தேய்த்தார், அப்படித் தேய்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கர்ப்பப்பையே இல்லையே. எப்ப எடுத்தீங்க?"

"வயித்துல இருக்கறது குட்டி எடுத்த ஆபரேஷன் தழும்புதானே டாக்டர்" என்றேன்.

"அதே தழும்புலயே மறுபடி திறந்து எடுத்திருக்காங்க. அதான் வெளியில தெரியல."

சிப் எண்ணைத் தட்டிப் பார்த்தார். நகரத்தின் மறுகோடியில் ஓர் ஆஸ்பத்திரி, பதினொரு மாதம் முன்னால், உரிமையாளர் சம்மதத்துடன் என்று இருந்தது. தேதியைப் பார்த்தேன். நான் நாய்க் கண்காட்சிக்காக ஐந்து நாள் வெளியூர் போயிருந்த வாரம் அது. போகும்போது ரயில் நிலையத்துக்கு வந்து கையசைத்து வழியனுப்பினாளே மகராசி!

சீமாட்டியை நேராக என் வீட்டுக்குக் கொண்டுவந்து, தங்கச்சிக்குப் போன் போட்டேன். "உடனே வா" என்றேன், அவ்வளவுதான். மருந்துக்கடை வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். சமையலறையில் என் வீட்டுக்காரர் நாய்களுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். என் கையில் சீமாட்டியின் வார். தங்கச்சியைக் கண்டதும் அது இழுத்த இழுப்பில் என் மணிக்கட்டு வலித்தது.

"கள்ளக் கையெழுத்துப் போடற அளவுக்கு வந்துட்டியாடி?" என்று ஆரம்பித்தேன். "அக்காவோட பேரைப் போட்டு, அக்கா நாயோட வயித்தைக் கிழிச்சு, பதினொரு மாசம் மூஞ்சியைப் பச்சப்புள்ள மாதிரி வெச்சுக்கிட்டு 'இன்னும் வரலை அக்கா'ன்னு... உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு? என் பதினெட்டு வருஷத்தைக் குப்பையில போட்டுட்டியே!"

அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. எனக்கு அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"ஒப்பந்தத்தை மீறிட்டே. இனி சீமாட்டி இங்கதான். உன் வீட்டு வாசல்படியைக்கூட மிதிக்காது."

"அக்கா, வேற என்ன வேணா சொல்லு. அதை மட்டும் பண்ணாதே" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவளை விடு" என்றார் வீட்டுக்காரர். துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். "கையெழுத்து என்னோடது."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. சிப்பில் இரண்டு பெயர். அவர் கையெழுத்துப் போட்டால் போதும். ரயில் நிலையத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள், இரண்டு பேரும், காரில், நாயோடு. அப்புறம் மாதாமாதம் பென்சிலைச் சீவிக் கேள்விக்குறி! முப்பத்தோரு வருஷம் பக்கத்தில் படுத்த மனுஷன்! தங்கச்சி குத்தியது முதுகில் என்றால் இவர் குத்தியது நெஞ்சில்.

"மாமாவைத் திட்டாதே அக்கா, நான்தான் காலில் விழுந்தேன்" என்றாள் அவள்.

"ரெண்டு பேரும் நாடகமாடி என்னை முட்டாளாக்கிட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேட்டிருப்பியா?" அவர் குரல் உயரவே இல்லை. "அன்னிக்கு ஆபரேஷன் ரூம் வாசல்ல மூணு பேரும் நின்னோம். நாய் பிழைக்கறது கஷ்டம்னு உள்ள இருந்து சொல்லி அனுப்பினாங்க. இவ சுவத்துல தலையை முட்டிக்கிட்டு அழுதா. டாக்டரம்மா வெளிய வந்ததும் நீ என்ன கேட்டே, ஞாபகம் இருக்கா?"

"நாய் எப்படி இருக்குன்னு கேட்டிருப்பேன்."

"குட்டி எத்தனைன்னு கேட்டே."

"பொய்" என்றேன். தங்கச்சியைப் பார்த்தேன். எப்போதும் எனக்காகப் பரிந்து பேசுகிறவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படிக் கேட்டதாக எனக்குச் சத்தியமாக நினைவில்லை. ஆனால் டாக்டரம்மா "அஞ்சு" என்று சொன்னது காதில் இருக்கிறது. கேட்காமல் அவர் ஏன் சொல்லப் போகிறார்? "பெட்டை எத்தனை?" என்று அதற்குமேல் நான் கேட்டதும் நினைவுக்கு வந்தது. இல்லை என்று அவர் தலையாட்டியதும் நான் காரில் போய் உட்கார்ந்துகொண்டேன். சீமாட்டி பிழைத்துவிட்டது என்று எனக்கு யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

வாரைத் தங்கச்சியிடம் நீட்டினேன். "கூட்டிட்டுப் போ."

அவள் எழுந்தாள், வாரை வாங்கினாள். ஆனால் நகரவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சிப்பை உன் பேருக்கு மாத்தித் தர்றேன். போ."

அவ்வளவுதான், போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. சன்னல் வழியே பார்த்தேன். நான் மனசு மாறிப் பின்னாலேயே வந்துவிடுவேனோ என்று பயந்து, வெள்ளை அங்கி பறக்க, நாயையும் இழுத்துக்கொண்டு தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள் என் தங்கச்சி.