கன்றுத்தோலில் அக்காவின் கை

...ஆனால் தோல் தாங்க வேண்டுமே, அதுதானே கேள்வி, அக்காவுக்கு என்ன, போனில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள், "சாயங்காலம் வர்றேன்டா, அந்த மர டிரம்மை எடுத்து வை, அதுலதான் வாசிச்சுப் பாக்கணும்" என்று, ஏதோ அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து வைக்கச் சொல்வது போல. சுவர் முழுக்க அடுக்கி வைத்திருக்கிறான், பித்தளை, எஃகு, அலுமினியம் என்று எத்தனையோ பழைய ஸ்நேர் டிரம்கள், எல்லாவற்றிலும் மேலே பிளாஸ்டிக்தான், உலக்கையால் இடித்தாலும் கிழியாது, அதில் ஒன்றைக் கேட்டிருக்கக் கூடாதா... அவன் கம்பளித் துண்டை மேசையில் விரித்து, டிரம்மை இரண்டு கையாலும் இறக்கி வைத்தான். தேன் நிற மரம். ஒரே பலகையை ஆவியில் வேகவைத்து வட்டமாக வளைத்திருக்கிறார்கள், இரண்டு முனைகளும் சேரும் இடம் எங்கே என்று விரலால் தடவினால் தெரியாது, அவனே பூதக்கண்ணாடி வைத்துத்தான் கண்டுபிடித்தான், கண்டுபிடித்த அன்று சாப்பாட்டு மேசையில் அதையே பேசிக்கொண்டிருந்தான், மனைவி பாவம் எத்தனை தடவைதான் உம் கொட்டுவாள். மேலே கன்றுத்தோல், நடுவில் சாம்பல் பூசினாற்போல ஒரு வட்டம், யாரோ அடித்து அடித்துத் தேய்ந்த இடம். அடியில் இன்னும் மெல்லிய தோல், அதன் குறுக்கே சுருள் கம்பிகள், மேலே தட்டினால் கீழே அவை துடிக்கும், இந்த வகை டிரம்முக்கே உரிய அந்தச் சரசரப்பு அங்கிருந்துதான் வருகிறது, காய்ந்த பட்டாணியைத் தட்டில் கொட்டினாற்போல. ஒரு தையற்கடையில் இதன்மேல் துணியைப் போர்த்திப் பித்தான் டப்பாவை வைத்திருந்தார்கள், அந்தத் துணிதான் தோலைக் காப்பாற்றியிருக்கிறது, அதற்குப் பிறகு இவன். கோடையில் பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர், மழையில் அறைக்குள் எரியும் குண்டு பல்பு. ஒரு திருகு காணாமல் போயிருந்தது, புதிதாக ஒன்று கடைந்து போட்டிருந்தால் ஒரு மணி நேர வேலை, மாட்டேன் என்றான், அதே காலத்துத் திருகு கிடைக்கும்வரை டிரம் ஒரு பல் இல்லாமல் இருந்தது. அந்தத் தேய்ந்த வட்டத்தைத் தவிர, செய்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே, இம்மி மாறாமல். அப்படி வைத்திருப்பதை இன்றைக்கு அடித்துப் பார்ப்பதாம்.

பிளாஸ்டிக்கை மாட்டிவிட்டால் என்ன... அதே அளவில் ஒன்று உறை பிரிக்காமல் இருக்கிறது, அக்கா வர இன்னும் நேரமிருக்கிறது, மேல் வளையத்தைக் கழற்றித் தோலை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு... சாவியைத் திருகில் பொருத்திக் கால் சுற்று தளர்த்தினான், பிறகு எதிர்த் திருகில் கால் சுற்று, ஒரு பக்கமே தளர்த்தினால் வளையம் கோணிக்கொள்ளும், கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் மூக்குக்கண்ணாடித் திருகுகளோடு மல்லுக்கட்டுகிற கைக்கு இதெல்லாம் யானைத் திருகு. அப்புறம் நிறுத்திவிட்டான். யாரை ஏமாற்றுவது? ஒருமுறை சாப்பிட வந்திருந்தாள், அடுக்களையில் மனைவியோடு நின்று ஏதோ சிரித்துக்கொண்டிருந்தாள், இவன் புதிதாக வந்த பித்தளை டிரம்மை இங்கே விரலால் ஒரு தட்டு தட்டினான், அங்கிருந்தே, பேச்சை விடாமலேயே, "கீழ்க் கம்பி ஒண்ணு விட்டிருக்கு பாருடா" என்றாள், பார்த்தால் ஓரத்தில் ஒரு கம்பியின் பற்றவைப்பு விட்டு மயிரிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காதை எந்தப் பிளாஸ்டிக் ஏமாற்றும்? காது கிடக்கட்டும், அந்தக் கை... நாடக அரங்கில் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் இசைக்குழுவில் அவள் தலை மட்டும்தான் தெரியும், மேடையில் ஒருத்தன் கத்தியை உருவுவான், அவ்வளவுதான், கீழே ஓர் உருட்டு கிளம்பும், முதலில் கிளம்பியதே தெரியாது, கூட்டம் மூச்சைப் பிடித்த பிறகுதான் ஏதோ ஒலிக்கிறது என்றே புரியும், இடது எது வலது எது என்று பிரிக்க முடியாமல் ஒரே இழையாக ஓடும் ஒலி. எத்தனை நாடகம் பார்த்திருப்பான், கதை ஒன்றுகூட நினைவில்லை. அவனும் கற்றுக்கொள்ளத்தான் பார்த்தான், இரண்டு குச்சியும் இரண்டு ஊருக்குப் போயின, சரி, வாசிக்கத்தான் வரவில்லை, வாசிக்கப்பட்டதையாவது கூட வைத்துக்கொள்வோம் என்று... அப்படியா ஆரம்பித்தது இதெல்லாம்? இருக்கலாம். குளியலறையில் வழுக்கி அவள் இடது மணிக்கட்டு முறிந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் "சமைக்கலாம், எழுதலாம், ஒண்ணும் பிரச்சினை இருக்காது" என்றார், இவன் தலையாட்டிக்கொண்டே நின்றான், உருட்டைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை.

தளர்த்திய இரண்டு திருகுகளையும் திரும்ப முடுக்கினான். மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. "கிழிஞ்சா கிழிஞ்சுட்டுப் போகட்டுமே. அண்ணி கைய விடவா இது பெரிசு?" என்றாள். இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம், சொல்லத்தான் வாயெடுத்தான், அதற்குள் அவள் போய்விட்டாள், ஒரு நொடி தாமதித்தோமோ, அந்த ஒரு நொடி எதற்கு?

அக்கா வந்தாள். மணி அடிக்கிற பழக்கமே கிடையாது, நேரே உள்ளே. இடது கைச் சட்டையை விரல்வரை இழுத்துவிட்டிருந்தாள், தையல் தழும்பு தெரியாமல். "பிளேட் வச்சு ஸ்க்ரூ போட்டிருக்காங்க, உன் கடைச் சரக்கோ என்னவோ, லேசா லூசா இருக்கு," என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்தாள். நாளைக்குள் குழுத்தலைவருக்குப் பதில் சொல்ல வேண்டுமாம், வருகிறாளா, இல்லை இப்போதைக்கு உட்கார வைத்திருப்பவரையே நிரந்தரமாக்கிவிடலாமா என்று. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் குச்சிகளைப் பையிலிருந்து எடுக்க அவள் எடுத்துக்கொண்ட நேரம்... "ஏன்க்கா இதையே கேட்ட? மத்ததெல்லாம் இருக்கே" என்றான், தாங்க முடியாமல். அவள் தோலை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். "பிளாஸ்டிக்கு குச்சிய அதுவாவே தூக்கி விட்டுரும்டா. பாதி வேலைய அது பண்ணிரும். தோல் அப்படித் தூக்காது. என் கை எவ்வளவு பண்ணுதுன்னு எனக்குத் தெரியணும்ல." எல்லோரும் தங்களுக்குச் சாதகமான தராசைத் தேடுகிற உலகத்தில் இவள் மட்டும் கறாரான தராசாகப் பார்த்து ஏறி நிற்கிறாள்.

வாசித்தாள். முதலில் ஒற்றைத் தட்டுகள், பிறகு இரட்டை, பிறகு உருட்டு, குச்சியின் நுனிகள் சாம்பல் வட்டத்துக்குள்ளேயே, கொஞ்சம் விளிம்புப் பக்கம், ஐயோ அங்கே வேண்டாம், அங்கேதான் மயிர்க்கோடு போல ஒன்று இருக்கிறது, தாங்கு, தாங்கு, மறுபடி நடுவுக்கு வந்துவிட்டாள், நல்ல வேளை, வளையத்தின் ஓரத்தில் தோல் இழுபடுகிறதா, இல்லை... நின்றுவிட்டது. அக்கா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லு." எதைச் சொல்ல? ஒரு தட்டுகூட அவன் காதில் விழவில்லை. நாடகம் நாடகமாக இந்தக் கைக்காகவே போய் உட்கார்ந்தவன், அது திரும்பி வந்து மூன்றடி தூரத்தில் வாசிக்கிறது, இவன்... "கேக்கலக்கா. தோலையே பாத்துட்டு இருந்துட்டேன்." அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தான். சிரித்தாள். "சரியான ஆளுடா நீ. கண்ண மூடு."

மூடிக்கொண்டான். உருட்டு கிளம்பியது, இந்த முறை கிளம்பியது தெரிந்தது, இடது கை வலதைவிட ஒரு மயிரிழை பின்னால் வந்தது, ஒரே இழையாக ஓடவில்லை, உள்ளே ஓர் அலை இருந்தது, ஈரத் தரையில் ஒருத்தர் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வருவது போல, ஆனால் விழவில்லை, வந்துகொண்டே இருந்தது, தாழ்ந்து, எழுந்து, மறுபடி தாழ்ந்து, எதற்கோ இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான், நடுவில் தோலிலிருந்து டிக்கென்று ஏதோ கேட்டது, குச்சி வளையத்தில் பட்டதா, வேறெதுவுமா, இமை துடித்தது, திறக்கவில்லை. ஓய்ந்தது. கண்ணைத் திறந்தபோது முதலில் பார்த்தது அவள் மணிக்கட்டைத்தான், சட்டை மேலேறித் தழும்பு வெளியே தெரிந்தது, அவள் அதை மூடவில்லை. பொய் சொல்ல முடியாது, இந்தத் தோலைத் தேடி வந்தவளிடம் எப்படிச் சொல்வது?

"பழைய மாதிரி இல்லக்கா."

"அது எனக்குத் தெரியாதாடா?" என்றாள் அவள், மெதுவாக, குச்சிகளை மடியில் போட்டுக்கொண்டு. "நல்லா இருக்கா? அதச் சொல்லு."

நல்லா இருக்கா... அவன் நிமிர்ந்து பார்த்தான். சுவரில் வரிசையாக அத்தனை டிரம்களும் இருந்தன, ஒவ்வொன்றையும் வாங்கிவந்த நாளில் கவிழ்த்து, நிமிர்த்தி, திருகு திருகாகப் பார்த்திருக்கிறான், இது அப்போதையதா, இது பிற்பாடு போட்டதா, அன்றிருந்தபடியே இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான், நல்லா இருக்கா என்று ஒன்றிடமாவது... ஒருமுறையாவது? "இருக்கு" என்று ஒரு குரல் கேட்டது, தன்னுடையதுதான், எங்கிருந்து வந்தது என்று அவன் யோசிக்கும் முன்பே அக்கா குனிந்து மறுபடி குச்சிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.